உன் வண்டிமேல் கட்டிய குடிசை

என் ஆசை மச்சான் கோவிந்தனுக்கு,

இரண்டு நாளாகக் கால் தரையில் பாவவில்லை. நீ காய்ச்சலில் போய் நாலு மாதம் ஆகிறது. போனவனுக்குக் கடிதாசு எழுதுகிறேனே என்று யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முந்தாநாள் காலையில் ஏரி நிரம்பி, மேனாம்பேட்டுத் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் மொத்தமும் ஆவடிப் பக்கத்து மேட்டுக்காட்டுக்கு ஓடியது. உன் செல்லி, என் தங்கை, நிறைமாதம். நீ போனதிலிருந்து யாரையும் தொடவிடாமல் அவள் வைத்திருந்த உன் கட்டை வண்டியில்தான் அவளை ஏற்றினேன். காடு போய்ச் சேர்வதற்குள் வலி எடுத்துவிட்டது.

அந்தக் காட்டில் என்ன இருக்கிறது, சொல்! பனையும் புங்கனும் முள்ளும்தான். யுத்த காலத்தில் ஒரு படுதாவுக்கு எங்கே போவது? தரையெல்லாம் சேறு. நனையாத இடம் ஒன்று வேண்டும், அதுவும் உடனே.

வண்டிமேலேயே கட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மாட்டை அவிழ்த்துவிட்டு நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்தோம். புங்கங்கிளைகளை வளைத்து இரண்டு பக்க முளைக்குச்சியிலும் பனைநாரால் கட்டினோம். பனையோலையைக் கீழிருந்து மேலாக அடுக்கி ஏற்றினோம். கை கிழிந்தது கூடத் தெரியவில்லை, மச்சான். அப்படி ஒரு வேகம்!

ஆனால் பிரசவம் பார்க்க வந்த நம் சின்னம்மா ஒற்றைக் காலில் நின்றாள். "புள்ள பொறக்கிற ஊட்டுக்குக் கெயக்கு வாசல்தாண்டா வெக்கணும்!" எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். கார்த்திகை மழை கிழக்கேயிருந்துதான் அடிக்கும் என்று பயிர் வைக்கிற ஒருவனுக்கும் நினைவு வரவில்லை பார்! பத்தே நிமிடத்தில் சாரல் நேரே உள்ளே புகுந்து, செல்லிக்கு விரித்திருந்த வைக்கோலெல்லாம் நனைந்தது.

பிரித்துக் கட்ட நேரமில்லை. உள்ளேயிருந்து செல்லி கத்தினாள்: "இன்னாண்ணா பாத்துகினு கீற? இது ஊடா, வண்டிதானே! திருப்புங்கடா!"

எட்டுப் பேர் சக்கரத்தில் தோள் கொடுத்தோம். வாசலோடு, ஓலையோடு, அவளோடு சேர்த்துக் குடிசையே திரும்பியது, மச்சான்! "மேக்கு வாசலாப் பூட்சேடா" என்று புலம்பிக்கொண்டே சின்னம்மா உள்ளே ஏறினாள். மழை ஓலையின் முதுகில் அடித்தது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

உச்சிப் பொழுதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மழைச் சத்தத்தையும் மீறி ஒரு அழுகை. சந்தேகமேயில்லை, உன் தொண்டைதான். நான் சேற்றில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். நீ அங்கே நின்றிருக்க வேண்டாமா?

செல்லி சுகமாக இருக்கிறாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, "அவுரு பாக்கலியேண்ணா" என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள்.

குழந்தைக்குக் காது குத்த என் மடி இருக்கிறது. அப்பன் எங்கே என்று அவள் கேட்கும் நாளும் வரும். அன்றைக்கு நான் மழுப்பமாட்டேன், மச்சான். உன் சிரிப்பு, உன் முன்கோபம், நாம் போட்ட சண்டை, ஒன்று விடாமல் சொல்வேன். உன்னைத் தெரியாதவளாக அவள் வளரமாட்டாள்.

இப்படிக்கு,
உன் மகளின் தாய்மாமன்,
முனுசாமி