வேஷத்தைக் கெடுத்த மூக்கு

ஆல்பர்ட்டா, ஜனவரி 9

அன்புள்ள பெர்னா,

நீயும் அத்தையும் நலமா? இந்தக் குளிருக்கு அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வேலை முகாமில் நம் நியூஃபவுண்ட்லாந்து ஆட்களெல்லாம் ஊர் வழக்கப்படியே, யாரென்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று முகத்தை மூடி வேஷம் கட்டினோம். நீ அனுப்பிய தலையணை உறையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, குரல் பிடிபடாமலிருக்க மூச்சை உள்ளே இழுத்தபடியே பேசினேன். ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு மூச்சை வெளியே விட்டேன். மூக்கு விசிலடித்தது.

"அட, நம்ம அம்புரோஸுடா! தினம் சுவருக்கு அந்தப் பக்கம் இந்த விசிலைத்தானே கேட்டுட்டுக் கிடக்கேன்!" என்று பக்கத்து அறை சிரில் உறையை உருவிக்கொண்டு ஓடினான்.

மறுநாள் அவனே டாக்டரிடம் இழுத்துப் போனான். மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறதாம். மூச்சை இழுத்தால் விலகுகிறது, விட்டால் வந்து அடைத்துக்கொள்கிறது. பயமில்லை. "ஆபரேஷன் பண்ணலாம், மருந்துலயும் ஓட்டலாம். உங்க இஷ்டம்" என்றார். கத்தி என்றால் எனக்கு உதறும், தெரியுமே. மருந்தே போதும் என்று வந்துவிட்டேன்.

நேற்று உறையைத் திருப்பித் தந்த சிரில், "இன்னும் உங்க வீட்டு வாசனை போகலைடா. கொடுத்து வச்சவன்" என்றான். அவன் போனதும் முகத்தில் அழுத்தி மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை, பெர்னா.

ஆபரேஷனுக்குச் சொல்லிவிட்டேன். சிரில் துணைக்கு இருப்பான், நீ அலைய வேண்டாம். கம்பளிக் காலுறை அனுப்பு. வேலை பஸ் ஹாரன் அடிக்கிறது. உன் தலையணை உறை இன்னொன்றும் அனுப்பு. துவைக்காமல்.

உன் அம்புரோஸ்