அப்பா வைத்த குட்டை வாசல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதைத் தனியாக விசாரிக்க வேண்டாம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசிவிடுவாய், கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

போன மாதம் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள் அல்லவா, அதை அவர் பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த வாசிப்பு அறையிலேயே வைத்தார்கள். பள்ளித் தாளாளர் உள்ளே வரும்போதே வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். ஈரக் கைக்குட்டையை நெற்றியில் வைத்துக்கொண்டேதான் அப்பாவின் தொலைநோக்கைப் பாராட்டிப் பேசினார். கட்டடக் கலை படித்துவிட்டு இந்த ஊருக்கே திரும்பி வந்த மேதை என்றார். அந்த மேதைக்கு அப்போது ஒருவரும் வேலை தரவில்லை, கொத்தனார் இருக்கும்போது இவர் எதற்கு என்று கேட்டார்கள், அதனால்தான் ஓவிய வாத்தியார் ஆனார் என்பதை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டார். வாத்தியார் ஆன பிறகுதான் அப்பா சாயங்காலங்களில் வீடுகளுக்கு பிளான் போட ஆரம்பித்தார். அவர் வேலை செய்யும் விதம் உனக்குத் தெரியும். காகிதத்தை நம்பமாட்டார். காலி மனையில் சாக்பீஸால் வீட்டை முழு அளவுக்கு வரைந்து, குடும்பத்தையே அதற்குள் நடமாடவிடுவார். இங்கே சமையுங்கள், இங்கே படுங்கள் என்பார். படுக்கச் சொன்னதும் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பள்ளி சாக்பீஸ் எல்லாம் எங்கே போகிறது என்று தலைமையாசிரியர் குழம்பிக்கொண்டிருந்த காலம் அது.

வாசிப்பு அறைக்கு மட்டும் கோட்டுக்குள் நடமாடவிட்டது பிள்ளைகளை. எட்டாம் வகுப்பிலேயே உயரமானவனை நிற்கவைத்து, அவன் தலைக்கு மேல் நாலு விரல் விட்டு வாசலை முடித்துவிட்டார். பெரியவர்களும் உள்ளே வருவார்கள் என்பது அந்த மகாமேதைக்குத் தோன்றவே இல்லை. ஜன்னல்களும் அப்படித்தான், தரையில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தெரு முழுவதும் தெரியும், நின்றுகொண்டிருக்கும் வாத்தியாருக்குச் சுவர்தான் தெரியும்.

கூட்டத்தின் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்கள். இந்த அறையை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டப்போகிறார்களாம், அதற்கு அப்பா பெயராம். அவர் பெயரை வைப்பதற்காக அவர் கட்டியதை இடிக்கிறார்கள், இதில் எனக்குப் பெருமை வேறு வரவேண்டுமாம். காண்ட்ராக்ட் யாருக்கு என்று நினைக்கிறாய், உன் மாமாவுக்குத்தான். என் கூடப் பிறந்தவன் என் காதருகே வந்து, "மச்சான் பேரு காலத்துக்கும் நிக்கும்க்கா, சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றான். உனக்கு முன்னாலேயே சொல்லிவைத்திருப்பான் போல, நீயும் முந்தின நாள் போனில் அதையேதான் சொன்னாய். ஊருக்கு ஊர் அவர் வரைந்த வீடுகளை எல்லாம் இடித்து மாற்றிவிட்டார்கள், அவர் கையால் ஆனது அப்படியே மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்பது உங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு எழுந்து, சரி, அவர் வழக்கப்படி முதலில் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டுங்கள், பிறகு இடியுங்கள் என்றேன். பாவம், புருஷன் ஞாபகத்தில் பேசுகிறாள் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் உன் மாமா ஆட்களோடு வந்து கோடு போட்டான். கோடு போய்க்கொண்டே இருந்தது. வாசிப்பு அறையைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, விளையாட்டு மைதானத்தின் அந்தக் கோடி மதில் வரைக்கும் போனது. காகிதத்தில் தீப்பெட்டி மாதிரி இருந்த கட்டடம் தரையில் மைதானத்தையே முழுங்கிவிட்டது. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் வழக்கம்போல ஓடிவந்தார்கள். உன் மாமா, "டேய், அங்க மாடிப்படி வருதுடா, தள்ளுங்க" என்று கத்துகிறான், அவர்கள் மாடிப்படி மேலேயே பந்தை உதைக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் கோட்டைப் பார்த்துவிட்டுத் தாளாளரைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இனி எங்கே விளையாடும் என்று ஆளாளுக்குக் கேட்டதில், யோசிக்கலாம் என்றார் அவர். நேற்றுதான் என்னைப் பள்ளிக்குக் கூப்பிட்டு முடிவு சொன்னார்கள். இடிக்கவில்லை. தாளாளரின் மானத்துக்காக வாசலை மட்டும் உயர்த்துவார்களாம், எனக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றேன்.

அந்த வாசலுக்காக நானும் அவரும் போடாத சண்டையா. தப்பு என்று ஒரு நாளாவது ஒப்புக்கொண்டாரா மனுஷன். "பெரியவங்க கொஞ்சம் குனிஞ்சா தேஞ்சா போயிடுவாங்க" என்பார், நான் இரண்டு நாள் பேசமாட்டேன். கடைசியில் ஊரே என் பக்கம் வந்துவிட்டது. பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே நடந்தது என்று அவரிடம் சொல்லிக்காட்டும் அவசரத்தில் முழங்கால் வலியைக்கூட மறந்து வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்து வந்து கதவைத் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது.

மாமா மேல் வருத்தமில்லை, நீயும் அவனோடு பேசாமல் இருக்காதே. சின்னவளுக்கு என் முத்தம். எல்லாரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும். குளிர் நாள், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா