முக்காட்டுக்குள் இரசாயனவியல்

யூலை 6, ஞாயிறு

விடியவே சோளகக் காற்று. முற்றம் முழுக்க மணல். கூட்டியும் பயனில்லை.

பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் ரீச்சர் மாற்றலாகிப் போனதிலிருந்து ஆள் இல்லை. உயர்தரச் சோதனை நவம்பரில். கெமிஸ்ட்ரி போனால் பயோ போச்சு, பயோ போனால் கம்பஸ் படிப்பே போச்சு.

மிச்சம் யாழ்ப்பாணத்துச் சேர் ஒருவரின் ஒன்லைன் வகுப்பு மட்டும். செவ்வாய் பின்னேரம், ஞாயிறு காலை ஆறரை. வீட்டில் நல்ல ஃபோன் ஒன்றுதான், அண்ணனுடையது. செவ்வாயில் அது மீன்பிடிக்கப் போகும் அவனோடு கடலில். ஞாயிறு தொழில் இல்லை, ஃபோன் வீட்டில். ஆனால் ஆறரைக்குத்தான் மாதா கோயில் பூசையும்.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நீ பாஸ் பண்ணோணும் எண்டுதானே மடு மாதாவுக்கு நேந்தனான்? ஒரு ஞாயிறும் பூசை விடமாட்டாள் எண்டு சொல்லிப்போட்டன்."

என் சோதனைக்கு வைத்த நேர்த்தி என் வகுப்பைத் தின்கிறது. மாதாவிடம் யார் போய் விளக்குவது?

யூலை 8, செவ்வாய்

இரசாயனப் பாடவேளை. ஆறு பேரும் மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தோம். அதிபர் எட்டிப் பார்த்தார். "ஆள் கேட்டிருக்கிறம். சத்தம் போடாதேங்கோ." யார் போட்டது?

வாங்க வேண்டியது: நீலப் பேனை, சவர்க்காரம், டேட்டா.

யூலை 13, ஞாயிறு

செய்துவிட்டேன். முக்காட்டுக்குள் இயர்ஃபோன். செபப் புத்தகத்துக்கு அடியில் ஃபோன். ஒரு காதில் ஃபாதரின் பிரசங்கம், மற்றக் காதில் சேர். "இந்தக் காபன் அணுவைப் பாருங்கோ" என்கிறார். எந்தக் காபன்? பார்க்க முடிந்தால் நான் ஏன் இப்படி?

முழந்தாளில் நின்றபோது விரல் பட்டு மைக் திறந்துவிட்டது. எங்கள் கோயில் பாட்டு வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கிறது.

"ஆரது? பூசையில நிக்கிற பிள்ளை பூசையைப் பாருங்கோ. படிக்கிறதெண்டால் படிக்க வாங்கோ." வகுப்பிலிருந்து சேர் வெளியே போட்டுவிட்டார்.

சேரில் பிழையில்லை. நான் இரண்டிலும் இருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அம்மா பக்கத்தில், அதனால் அழவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை ஃபோனை நீ வச்சிரு."

யூலை 15, செவ்வாய்

அண்ணன் மத்தியானம் போய்விட்டான். ஃபோன் மேசையில். ஐந்து மணிக்கு வகுப்பு. அந்தக் காபனைக் கண்ணால் கண்டேன். விளங்கியது. உண்மையாகவே விளங்கியது! சந்தோசத்தில் அதன் படத்தைக் கொப்பியில் மூன்று தரம் கீறினேன்.

பிறகு காற்று எழும்பியது. கூரைத் தகரம் அடித்தது. அம்மா வாசலில்.

"கொண்ணனுக்கு ஒருக்கா ஃபோன் எடுத்துப் பார் பிள்ளை."

கையிலிருந்த ஃபோனைக் காட்டினேன். அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்.

சேர் படிப்பித்துக்கொண்டே இருந்தார். ஒரு சொல் ஏறவில்லை.

யூலை 16, புதன்

அண்ணன் விடிய வந்து சேர்ந்தான். எஞ்சினுக்குள் தண்ணீர். கூப்பிட வழியில்லாமல் இருட்டில் கிடந்திருக்கிறான். தற்செயலாகக் கண்ட வேறொரு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது. கை இரண்டும் கயிறு அறுத்த காயம்.

பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தபடி கேட்டான். "வகுப்பு விளங்கினதே?"

"ஓம்."

"அப்ப அடுத்த செவ்வாயும் வச்சிரு."

அம்மா என்னைப் பார்த்தார்.

"சேர் இனிச் செவ்வாயில வகுப்பு வைக்கமாட்டாராம்" என்றேன்.

அண்ணன் நம்பிவிட்டான். அம்மா நம்பவில்லை. ஆனால் ஃபோனை எடுத்து அவனுடைய பைக்குள் வைத்தது அம்மாதான்.