ரப்பரைத்தான் சந்தேகப்பட்டோம்

இன்று காலை வெறும் வயிற்றோடு சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனேன். லேப்பில் இருந்த பெண் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். குளிர்ச்சி தெரிவதற்கு முன்பே வாசனை ஏறிவிட்டது.

"இன்னாக்கா, கண்ணு கலங்குது? இன்னும் குத்தவே இல்லியே" என்றாள்.

"ஒண்ணுமில்லமா, நீ குத்து" என்றேன்.

மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாசனை. எனக்கு அது நம் வீட்டுக் கூடத்து வாசனை. பழைய செய்தித்தாளை விரித்து, டிவி கேமின் ரிமோட்டைக் கவிழ்த்து, ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் பச்சைத் தகட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்போமே, அந்த வாசனை. நம் மகள் அதைக் கண்ட்ரோலர் என்று ஒவ்வொரு முறையும் திருத்துவாள். நமக்கு அது கடைசி வரை ரிமோட்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில், வாடகை வீட்டில் ஃபேன் வாங்குவதற்கு முன்பே நீங்கள் டிவி கேம் வாங்கி வந்தீர்கள். என் அம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி, மாப்ள இன்னும் சின்னப் புள்ளையாட்டம் கீறாரு" என்று அடுப்படியில் என் காதோடு சொன்னார். நான் பி.காம். படித்தவள். அந்த மாதிரிப் பொருளைக் கையால் தொட்டதுகூட இல்லை. முதல் நாள் ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்துக் குதிக்கிற பட்டன்மேல் வைத்தீர்கள். திரையில் சின்ன மனிதன் ஒருவன் பள்ளத்தைத் தாண்டினான். பட்டன் உள்ளே போய் மேலே வந்ததை என் விரல் அன்று கண்டுகொண்டது.

ஒரு மழைக்காலத்துக்குள் உங்களை நான் தோற்கடிக்கத் தொடங்கிவிட்டேன்.

"பாவம்னு வுட்டுக்குடுத்தேன்" என்பீர்கள்.

"வுட்டுக்குடுத்ததெல்லாம் இருக்கட்டுங்க. தோத்துட்டேன்னு வாய்தொறந்து ஒரு தடவ சொல்லுங்க."

"ரிமோட்டு சரியில்லமே."

அதுதான் உங்கள் நிரந்தரமான சாக்கு. தோற்றால் ரிமோட் சரியில்லை. உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டனுக்கு அடியில் ஒரு ரப்பர் இருக்கும், அதன் வயிற்றில் ஒரு கறுப்புப் பொட்டு. அழுத்தினால் அந்தப் பொட்டு போய்த் தகட்டைத் தொட வேண்டும். தேய்ந்துவிட்டால் தொடாது. ஸ்பிரிட்டால் துடைப்பீர்கள். அப்படியும் கேட்காவிட்டால் சாக்லேட்டு சுற்றிய வெள்ளித்தாளில் ஒரு துணுக்கு வெட்டி அந்தப் பொட்டின்மேல் ஒட்டுவீர்கள். என் விரல் சின்னது என்பதால் ஒட்டுகிற வேலை பிறகு என் கைக்கு வந்துவிட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தீர்கள். நாள் முழுக்க அடுத்தவர் போனுக்குக் கண்ணாடி ஒட்டுவதுதான் தொழில். ஒரு காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டுவீர்கள். ஆனால் போனில் விளையாட மட்டும் உங்களுக்குப் பிடிக்காது. "கண்ணாடில வெரலு எங்க கீதுன்னு கண்ணு பாத்துக்கினே இருக்கணும். பட்டன்ல வெரலுக்கே தெரியும்" என்பீர்கள். "கண்ணாடி வித்துத்தான நம்ம வூட்டுல சோறு" என்று நான் சொன்னால், "விக்கிறது வேற, வெளையாடறது வேற" என்று பதில் வரும். மகள் இரண்டு பக்கமும் சேரமாட்டாள். போனைக் காட்டி, "ரெண்டு பேரும் கெழவன் கெழவி கேம் ஆடுங்க. நான் இதுல ஆடிக்கிறேன்" என்பாள்.

இப்போது நினைத்தால், அந்தப் பேச்சுகளில் ஒன்றாகத்தான் அதுவும் தொடங்கியது. ஒரு சாயங்காலம் விளையாட்டில் நீங்கள் குதிக்காமல் பள்ளத்தில் விழுந்தீர்கள். "ரப்பர் போச்சுமே" என்றீர்கள். நான் சிரித்தேன். உங்கள் சாக்கு எனக்குத் தெரியாதா. இருந்தாலும் பிரித்தேன், துடைத்தேன், மூடினேன். அழுத்திப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. "சரியாச்சுங்க" என்று கொடுத்தேன். உங்கள் கையில் அந்தச் சின்ன மனிதன் மறுபடியும் விழுந்தான். திரும்ப வாங்கி அழுத்தினேன், குதித்தான்.

என் விரலுக்குக் குதிக்கிறான், உங்கள் விரலுக்குக் குதிக்கவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு பொருள் மனிதர்களிடம் பேச முடியுமா? ஆனால் நாம் வேலை தெரிந்தவர்கள். ஒன்றுமே தெரியாதவர்களாக இருந்திருந்தால் ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் கையைப் பார்த்திருப்போம். நமக்கு ரப்பரைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. ஓரமாக அழுத்தினால் படும், நடுவில் அழுத்தினால் படாது என்றெல்லாம் பேசிக்கொண்டோம். வெள்ளித்தாள் ஒட்டினேன். பழைய ரிமோட்டிலிருந்து ரப்பரைப் பிய்த்து மாற்றினேன். கடைசியில் நீங்கள் சென்னையிலிருந்து புது ரிமோட்டே வரவழைத்தீர்கள். அது இன்னும் மோசம்.

"புதுசு பாரு, கெட்டியா கீது. பழகணும்" என்றீர்கள்.

சந்தேகமே வரவில்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். ஒரு நாள் வந்தது. "கையில ஏதாச்சும் நோவுதாங்க?" என்று கேட்டேன். நீங்கள் உடனே மகளின் போனை வாங்கி அதில் விளையாடிக் காட்டினீர்கள். கண்ணாடியில் உங்கள் கட்டைவிரல் ஓடியது. அவள் எடுத்த பாயிண்டையே தாண்டிவிட்டீர்கள். "பாத்தியா? கை நல்லாத்தான் கீது. ரிமோட்டுதான் போச்சு" என்றீர்கள். எனக்கும் நிம்மதியாகிவிட்டது. கண்ணாடிக்குத் தொட்டால் போதும், அழுத்த வேண்டியதில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். கடையில் வருகிறவர்களுக்கு நீங்களே சொல்வீர்கள்: "அமுக்காதீங்க, சும்மா தொடுங்க." தெரிந்தது தெரிந்தபடி இருந்தது, அந்த நேரத்துக்கு உதவவில்லை.

அந்தப் பொங்கல் கழிந்து வெள்ளிமலைக்கு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனோம். மலை ஏறும் பேருந்தில் கரியாலூர் தாண்டியும் நீங்கள் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தீர்கள். சாமை அறுத்த காட்டில் கட்டை மட்டும் நின்றது. பொழுது இறங்கும் நேரம், கரண்ட் போய்விட்டது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போக அண்ணன் டார்ச்சை எடுத்து உங்களிடம் நீட்டினார். ரப்பர் பட்டன் வைத்த டார்ச். நீங்கள் கட்டைவிரலால் அழுத்தினீர்கள். பிறகு இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினீர்கள்.

"இது ரப்பர் போயிருக்குண்ணா" என்றீர்கள்.

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அண்ணி வெளியே வந்தார். கையெல்லாம் மாவு. பட்டன்மேல் மாவு படாமல் சுண்டுவிரல் நுனியால் ஒரு அழுத்து அழுத்தினார். வெளிச்சம் கொட்டகைச் சுவர் வரை போனது.

அண்ணன் சிரித்துவிட்டார். "இன்னாடா, கடையில கண்ணாடியத் தடவித் தடவி கையில பெலனே பூடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. கூடத்தில் பிரித்துப் போட்ட ரிமோட்டுகள் எல்லாம் அந்த வெளிச்சத்தில் வரிசையாக எனக்குத் தெரிந்தன. நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். உங்களுக்கும் அவை தெரிந்துவிட்டன என்று எனக்குத் தெரிந்தது.  மறுநாள் மலை இறங்குகிற பேருந்தில் என் உள்ளங்கையில் உங்கள் கட்டைவிரலை வைத்து அழுத்தினீர்கள். "பெலன் எவ்ளோ கீது?" என்று கேட்டீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சேலத்தில் டாக்டர் தன் விரலை உங்கள் விரலால் எதிர்த்துத் தள்ளச் சொன்னார். பிறகு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். "நானும் இருக்கேன், எங்கிட்டயே சொல்லுங்க" என்றீர்கள். தசையை ஆட்டும் நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய் என்றார். மருந்து இல்லை என்பதை வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார். முன்பே வந்திருந்தால் என்று நான் தொடங்கியதும், "முன்னாடி வந்திருந்தாலும் இதேதாம்மா" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ, உண்மையோ. அதைப் பிடித்துக்கொண்டு ரப்பர் துடைத்த அந்த மாதங்களை நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன். நமக்குத் தெரியாமல் இருந்த கடைசிக் காலம் அது. செய்தித்தாளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒரு கறுப்புப் பொட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு கடையில் ஒட்டும் கண்ணாடிகளில் குமிழ் நிற்கத் தொடங்கியது. கடையை விட்டோம். மகள் அந்தப் பள்ளம் தாண்டும் விளையாட்டையே போனில் ஏற்றிக் கொடுத்தாள். "அப்பா, லேசா தொட்டாப் போதும்ப்பா" என்றாள். அவளுக்காகக் கொஞ்ச நாள் தொட்டீர்கள். அவள் அந்தப் பக்கம் போனதும் என்னிடம், "நான் குதிக்கிறனா, தானா குதிக்கிறானான்னே தெர்ல" என்றீர்கள். எல்லாரும் உங்களுக்கு எளிதாக்கிக் கொடுக்கப் பார்த்தார்கள். எளிதானதெல்லாம் உங்களிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போனது. எனக்கு அப்போது இது புரியவில்லை. பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

"அந்த ரிமோட்ட எடு" என்றீர்கள் ஒரு மத்தியானம்.

இடது கைக்கு இன்னும் கொஞ்சம் வலு இருந்தது. அதில் ஓடுகிற பட்டன். வலது கட்டைவிரலைத் தூக்கி நான் குதிக்கிற பட்டன்மேல் வைத்தேன். அதன்மேல் என் கட்டைவிரலை வைத்தேன். நீங்கள் "ம்" என்றதும் நான் அழுத்த வேண்டும். பள்ளம், பள்ளம், பள்ளம். ஒவ்வொன்றிலும் விழுந்தோம்.

"நான் சொன்னப்புறம் அமுக்கற. அதுக்குள்ள போயிட்றான்."

"சொல்றதுக்கு முன்னாடி எனக்கு எப்டிங்க தெரியும்?"

"இத்தினி வருஷமா பக்கத்துலதான ஒக்காந்துகினு கீற. தெர்லன்னா இன்னா அர்த்தம்?"

கோபமாகத்தான் சொன்னீர்கள். நோய் வந்த பிறகு என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான். மறுபடியும் ஆடினோம். அப்போதுதான் உணர்ந்தேன். "ம்" வருவதற்கு முன்னால், என் கட்டைவிரலுக்கு அடியில் உங்கள் கட்டைவிரல் லேசாக அசைந்தது. தோலுக்குள் ஒரு எறும்பு திரும்பிப் படுத்ததுபோல. பட்டனைக் கீழே தள்ள அது போதாது. என் விரலுக்குப் போதும். அடுத்த பள்ளத்தில் அந்த அசைவு வந்ததும் அழுத்தினேன். தாண்டிவிட்டான். நீங்கள் இடது விரலால் ஓட்டிக்கொண்டே போனீர்கள். அடுத்ததும் தாண்டினான். நம் கல்யாண வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மத்தியானம் எனக்கு நினைவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் பாவமாகப் பார்ப்பார்கள்.

அதன்பிறகு தினமும் ஆடினோம். மகள் பள்ளியிலிருந்து வந்து வாசலிலேயே நின்று பார்ப்பாள். "ரெண்டு பேரு சேந்து ஆடறது கள்ளாட்டம்" என்பாள். "உங்கம்மா சும்மா கையதான் வெச்சுக்கினு கீறா. ஆடறது நானு" என்பீர்கள். அது உண்மைதான்.

ஆடிக்கு முன்னால் ஒரு நாள், நல்ல காற்று. பள்ளம் வந்தது. என் விரலுக்கு அடியில் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். விழுந்துவிட்டான்.

"அமுக்கிட்டேனே" என்றீர்கள். உங்கள் குரலும் அப்போது பாதியாகியிருந்தது. "நான் அமுக்கிட்டேனே. உனக்கு வர்லியா?"

 ரப்பர் போயிருக்கும் என்று சொல்ல ஒரு கணம் வாய்வரை வந்தது. நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆஃப் பண்ணிடுமே" என்றீர்கள்.

பண்ணினேன். அதன்பிறகு டிவி கேம் போடவில்லை. ஆனால் சாயங்காலமானால் உங்கள் படுக்கை ஓரம் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரல்மேல் என் விரலை வைத்துக்கொள்வேன். ரிமோட் இல்லை, திரை இல்லை. பேச்சு முழுவதுமாக நிற்பதற்குச் சில நாட்கள் முன்பு கேட்டீர்கள், "இப்ப அமுக்கறேன். தெரிதா?"

"தெரியுதுங்க" என்றேன்.

என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நீங்கள் அழுத்தினீர்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அதனால் அதைப் பொய் என்று நான் இன்றுவரை எண்ணவில்லை.

நீங்கள் போன பிறகு நான் சின்னசேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போகிறேன். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். காலைப் பேருந்தில் உட்கார இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சில நாள், எங்கே என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில், என் கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ லேசாக அசைகிறது. பேருந்தின் அதிர்வாக இருக்கலாம். என் நரம்பாகவே இருக்கலாம். யோசித்துக்கொண்டிருப்பதில்லை. யோசித்தால் தாமதமாகிவிடும். உடனே கம்பியை அழுத்திவிடுகிறேன்.