இடப்பக்கம் விழுந்த பூ

மாப்பிள்ளை,

உங்கள் குளிர்கோட்டைக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. மூக்கை வைத்து முகர்ந்தால் அதற்கடியில் கடுகு தாளித்த வாசமும் இருக்கிறது. ராசிபுரத்துச் சித்திரை வெயிலில் அமெரிக்காக் கோட்டைப் போட்டுப் பார்த்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். தோளில் கனத்தது, கழற்றிவிட்டேன். இப்போதெல்லாம் எதைத் தூக்கினாலும் கனக்கிறது.

எட்டாவதோடு நிறுத்திக்கொண்டவன் நான். மேலே படித்திருந்தால் கலெக்டர் நாற்காலி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அது போகட்டும். அண்ணன் காலமான பிறகு அவர் மகளை வளர்த்து, மாட்டு டாக்டருக்குப் படிக்க வைத்து, உங்களுக்குக் கட்டிக்கொடுத்தேன். அமெரிக்காவில் மேல்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தபோது, அந்த நாட்டு ஜனாதிபதியே கையெழுத்துப் போட்டு அழைத்திருக்கிறார் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொன்னவனும் நான்தான். நீங்கள் பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னீர்கள்.

"மாமா, கொஞ்சம் கொறச்சுக்கலாமுங்க."

அந்தச் சந்தோஷம் உங்கள் வீட்டு வாசல் வரைக்கும்தான். புருசன் இல்லாமல் அவளைத் தனியாக அனுப்ப இரண்டு வீட்டிலும் யாருக்கும் மனசில்லை. ஒரே மகன் தோட்டத்தை விட்டுவிட்டுப் பெண்டாட்டி படிப்புக்குத் துணை போவதை உங்கள் ஐயனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீங்கள் போகாவிட்டால் அவள் படிப்பும் இல்லை.

"கோழிக்குச் சளி புடிச்சாப் பாக்கறதுக்குக் கடல் தாண்டோணுமா?" என்றார் உங்கள் ஐயன்.

"அவ படிப்பா, இவன் சட்டி கழுவிக் குடுப்பானாமா," என்றார் உங்கள் அம்மா.

"கழுவுனாத் தேஞ்சா போயிருவேன்? சட்டிதானுங்கம்மா தேயும்," என்றீர்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐயனுக்கு வரவில்லை.

கடைசியில் குலதெய்வத்திடம் பூ கேட்பது என்று முடிவாயிற்று. அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் பூசாரி ஈரப்பூவை ஒட்டிவைத்தார். வலது பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடது விழுந்தால் வேண்டாம். உங்கள் ஐயன் கைகூப்பிக் கேட்டார்.

"ஆத்தா, எம்பையன் சீமைக்குப் போலாமா?"

இடது பூ விழுந்தது. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

நீங்கள்தான் சொன்னீர்கள். "ஐயா, அவ தனியாப் போலாமான்னு ஒருக்காக் கேட்டுருங்க."

பூசாரி பூவை மாற்றி வைத்தார். மறுபடியும் இடது.

"அப்பறம் என்னடா? ரெண்டு பேரும் போவ வேண்டாம்னு ஆத்தா சொல்லிப்போட்டா. ஊட்டுக்கு நட," என்று உங்கள் ஐயன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

நீங்கள் நகரவில்லை. "இல்லீங்க ஐயா. நான் தனியாப் போவப்படாது, அவளும் தனியாப் போவப்படாது. சேந்து போங்கன்னு ஆத்தா ரெண்டு தரம் சொல்லிப்போட்டாளுங்க."

"அதையும் ஒரு வாக்குக் கேட்டுப்போடலாமுங்களே," என்று பூசாரி அடுத்த பூவை எடுத்தார். நீங்கள் அவர் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டீர்கள்.

"வேண்டாமுங்க. சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னா ஆத்தாளுக்குக் கோவம் வந்துருமுங்க."

உங்கள் ஐயன் துண்டை மறுபடியும் ஒருமுறை உதறினார். "அப்பனையும் ஆத்தாளையும் ஒண்ணா மடக்கிப்போட்டான்," என்று மட்டும் சொன்னார். அதில் கோபம் பாதிதான் இருந்தது.

ஊரில் இந்தக் கதையைச் சொல்லும்போது பூவை அந்தரத்தில் நிறுத்தினேன், கோயில் மணியைத் தானாக அடிக்க வைத்தேன். உங்கள் பேச்சில் மட்டும் கைவைக்கவில்லை. சேர்ப்பதற்கு எனக்கே எதுவும் அகப்படவில்லை.

சேலத்தில் ரயிலேறி மெட்ராஸ் போனோம். நான் கையசைத்ததைப் பார்த்து மீனம்பாக்கத்தில் ஏரோப்ளேன் ஒரு நிமிடம் நின்றது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அவள் முன்னால் போக, நீங்கள் இரண்டு கையிலும் பெட்டியோடு திரும்பி, "வாரேனுங்க மாமா," என்றீர்கள்.

அங்கே போய் அவள் படித்தாள். நீங்கள் சமைத்தீர்கள், சாயங்காலத்தில் ஒரு கடையில் மூட்டை இறக்கினீர்கள். ரசம் வைக்கப் பழகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நான் அதை இங்கே ஓட்டலாக்கி, உங்களை முதலாளியாக்கி, கல்லாவில் உட்கார வைத்தேன். மூட்டை இறக்கும் இடத்திலேயே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்துவிட்ட சேதி வந்தபோது, யாரிடமும் எதையும் கூட்டிச் சொல்லத் தெம்பில்லை.

அஸ்தியை அவள்தான் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். உங்கள் துணிமணி இருந்த பெட்டியும் கூட வந்தது. குமாரபாளையத்தில், பாலத்துக்குக் கீழே காவிரியில் கரைத்தோம். கரையேறி ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டே, "நான் இனிப் போவலீங்க. படிச்ச வரைக்கும் போதும்," என்றாள். இன்னும் ஒரு வருசப் படிப்பு பாக்கி இருந்தது. உங்கள் ஐயன்தான் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"எம்பையன் எதுக்குப் போனானோ அது பாதீல நிக்கப்படாது சாமி. போய் முடிச்சுப்போட்டு வா."

பூ கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

நேற்று சேலத்தில் அவளை ரயிலேற்றிவிட்டேன். மெட்ராஸ் வரைக்கும் வருகிறேன் என்றதற்கு, "காலு வீங்கிக் கெடக்குது சித்தப்பா, ஊட்டுக்குப் போங்க," என்றுவிட்டாள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த எதிர் சீட்டு அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அமெரிக்காவுக்காம்மா, அவ்வளவு தூரமா? தனியாவா போறே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "தனியா எதுக்குங்க? எங்க மாப்பிள்ளை அங்க ஏரோப்ளேன் எறங்கற எடத்துலயே வந்து நிக்கறாருங்க. பெட்டியைக்கூடப் புள்ளை தூக்க வேண்டியதில்லீங்க."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "ஆமாங்க," என்றாள். வண்டி நகர்ந்துவிட்டது.

வாழ்நாளில் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். பாதியை மறந்துவிட்டேன், மீதியை ஊரே நம்பவில்லை. இந்த ஒன்றை மட்டும் இனி யார் கேட்டாலும் மாற்றாமல் சொல்வதாக இருக்கிறேன். சொன்னவன் நான். போய் நிற்க வேண்டியது நீங்கள், மாப்பிள்ளை.