வியாழக்கிழமை என் அக்காளை வார்டுக்குள் விடக் கோரும் மனு

அனுப்புநர்:
சி. நல்லமுத்து,
துறைமுகக் கிரேன் ஓட்டுநர் (ஓய்வு),
பாகான் டாலாம், பட்டர்வொர்த்.

பெறுநர்:
டாக்டர் க. விநாசித்தம்பி அவர்கள்,
மருத்துவக் கண்காணிப்பாளர்,
தஞ்சோங் செந்தோசா மருத்துவமனை,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பொருள்: நிணநீர்ப் புற்றுநோய்க்காகத் தங்கள் மருத்துவமனையில் தங்கியிருக்கும் என் அக்காள் மகள் நவமணியைப் பார்க்கக் குடும்பத்தாருக்கு விதித்த தடையை, தாயார் ஒருவருக்கு மட்டும் வியாழனுக்குள் விலக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதன் கீழ் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்கிறேன். என்னை அறிந்த எவரும் நான் சொன்ன எதையும் இதுவரை நம்பியதில்லை. தாங்கள் புதிதாகத் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மலாய் மொழியில் எழுதினால் என் ஆத்திரம் மரியாதையாக மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதினாலோ காணாமலே போய்விடுகிறது. தாங்கள் தமிழ் படிப்பவர் என்று கேள்விப்பட்டதால் தமிழில் எழுதத் துணிந்தேன்.

1. நவமணிக்கு வயது இருபத்து மூன்று. பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலை வேலை. கழுத்தில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி வந்தபோது, நாள் முழுதும் குனிந்தே வேலை செய்வதால் வந்த சுளுக்கு என்று, மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாமலே நான் தீர்ப்பு வழங்கினேன். தங்கள் டாக்டர்கள் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்து ‘லிம்போமா’ என்றார்கள். அன்று திரும்பும் ஃபெரியில் என் அக்காள் தனலெட்சுமி அழுத அழுகையில் கடல் ஓரடி உயர்ந்து, ஃபெரி துறையில் அணைய முடியாமல் தத்தளித்தது. துறைமுக இலாகா இதை மறுக்கும். மறுக்கட்டும்.

2. ஏற்றுகிற மருந்துகளில் ஒன்று சிவப்பு. கல்யாண வீட்டில் கொடுக்கும் ரோஸ் சிரப்பைப் போலவே இருக்கும். அது நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும், கை அசையவே கூடாது என்று வார்டுத் தலைமைத் தாதி சிஸ்டர் கமலாம்பிகை சொன்ன நாளிலிருந்து, அந்த நிறத்தைக் கண்டாலே நவமணிக்குக் கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை நிறுத்த உலகத்தில் ஒரே ஒரு கருவிதான் உண்டு. அது என் அக்காள். மகளின் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாகான் டாலாமில் உள்ள ஒருவர் விடாமல் அத்தனை பேரையும் மூச்சு விடாமல் திட்டுவாள். “அந்த மீனாட்சி இருக்காளே, சாமி கும்பிடுறப்பகூட ஒரு கண்ணு பக்கத்துக்காரி சேலை மேலதான்லா!” என்று அவள் தொடங்கினால், தமிழே தெரியாத அடுத்த கட்டில் சீன அம்மையாரும் திரையை விலக்கிக் காது கொடுப்பார். ஆள் மாற்றி ஆள் திட்டி முடிப்பதற்குள் சிவப்பு மருந்து இறங்கிவிடும். மூன்று முறையும் இப்படித்தான் இறங்கியது.

3. மூன்றாம் முறைக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன, சின்னக் கிருமியும் ஆளைச் சாய்த்துவிடும், ஆகவே வெளியிலிருந்து சாப்பாடு எதுவும் கொண்டுவரக் கூடாது என்று சிஸ்டர் உத்தரவிட்டார். நாங்களும் கொண்டுவரவில்லை. கோயிலிலிருந்து நேரே வந்த அக்காள், மகளின் நெற்றியில் திருநீறு பூசி, வழக்கம்போல் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து, ஒரு கரண்டி அபிஷேகத் தீர்த்தமும் கொடுத்தாள். தீர்த்தப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். திருநீறும் தீர்த்தமும் சாப்பாட்டில் சேர்த்தி என்று எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

மறுநாள் காலை நவமணிக்குக் காய்ச்சல் கொதித்தது.

சிஸ்டர் ஆடிப்போய்விட்டார். “படிச்சுப் படிச்சுச் சொன்னனான். பிள்ளையின்ர வாய்க்குள்ள சாம்பலையும் தண்ணியையும் போட்டிருக்கிறியளே!” என்றார். “நீங்களும் பூசியிருக்கீங்களே சிஸ்டர்?” என்று என் அக்காள் அவர் நெற்றியைக் காட்டினாள். “நெத்தியில பூசுறது வேற, குடலுக்குள்ள போறது வேற அம்மா” என்றார் அவர். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சோழன் கடாரத்துக்குக் கப்பல் விட்ட காலத்திலிருந்து திருநீறு தின்று செத்தவன் எங்கள் குலத்தில் கிடையாது என்று உரை நிகழ்த்தினேன். உரை முடிவதற்குள் குடும்பம் முழுவதற்கும் தடை விழுந்தது.

4. தடை தவறென்று நான் வாதாட வரவில்லை. காய்ச்சல் தீர்த்தத்தால் வந்ததா, தானாக வந்ததா என்று டாக்டருக்கே தெரியவில்லை. தெரியாத இடத்தில் சிஸ்டர் கதவைச் சாத்தியது சரிதான். ஆனால் காய்ச்சல் இறங்கிவிட்டது. அணுக்களும் ஏறிவிட்டன. வியாழக்கிழமை நான்காம் முறை மருந்து. கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது, இப்போது இடைவெளி விட்டால் மறுபடி தலையெடுக்கும் என்று தங்கள் டாக்டரே எச்சரித்திருக்கிறார். இந்த நிலையில் நவமணி கையை நீட்ட மறுக்கிறாள். நாங்கள் தூண்டிவிட்டதாக வார்டில் பேச்சு. அவளைத் தூண்டிவிடும் ஆற்றல் எனக்கு இருந்திருந்தால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட அன்றே டாக்டரிடம் போகத் தூண்டிவிட்டிருப்பேனே ஐயா.

5. ஆகவே அடியேன் கோருவது:

(அ) ஊசி ஏறும் நேரம் முதல் மருந்து இறங்கி முடியும் நேரம் வரை தாயார் தனலெட்சுமி ஒருவர் மட்டும் கட்டிலருகே இருக்க அனுமதி வேண்டும்.

(ஆ) அவள் வெறுங்கையோடு வருவாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். சிஸ்டர் மடியைச் சோதிக்கலாம். வாய்க்கவசம் கட்டுவாள், அதனால் குரல் அடங்கிவிடும் என்று அடுத்த கட்டில் அம்மையார் கவலைப்பட வேண்டாம், செங்கற்சுவரே அதைத் தடுத்ததில்லை. திருநீறு இல்லாமல் என் அக்காள் வீட்டு வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை. வியாழனன்று நெற்றியைத் துடைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை.

(இ) என் மீதுள்ள தடையை அடுத்த பிறவி வரை நீட்டித்தாலும் சம்மதம். வியாழனன்று ஃபெரியில்கூட ஏறமாட்டேன். இக்கரையிலேயே நிற்பேன்.

காலை முதல் ஃபெரியில் அக்காள் வந்து தங்கள் வாயிற்காவலர் முன் நிற்பாள். அதற்குள் அவரிடம் தங்கள் ஓர் உத்தரவு இருக்க வேண்டும் என்று இரு கை கூப்பி வேண்டுகிறேன்.

ஐயா, இம்மனுவில் கூடுதலாகத் தோன்றுவதையெல்லாம் தாங்கள் தாராளமாக அடித்துவிடலாம். நேற்று மாலை வார்டு வராந்தாவில் உள்ள பொதுத் தொலைபேசியிலிருந்து நவமணி என்னை அழைத்தாள். “பிடிவாதம் இல்ல மாமா. அம்மா பிடிச்சுக்கலன்னா கை நிக்க மாட்டேங்குது. ஆடிருச்சுன்னா என்ன பண்றது?” என்றாள். நான் என் வழக்கப்படி பெரிய புளுகாக ஒன்றை எடுத்துவிட்டேன். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து என் புளுகுக்கு அவள் சிரிக்காமல் இருந்ததில்லை. நேற்றுச் சிரிக்கவில்லை. அத்தோடு காசு தீர்ந்து இணைப்பு அறுந்துபோனது. இந்தச் சிறு பகுதியில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

இடம்: பாகான் டாலாம்
நாள்: 14.7.1986

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சி. நல்லமுத்து
நவமணியின் தாய்மாமன்