மதிப்பெண்ணுக்காகப் பூட்டிய கழிவறை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை மறக்காதீர்கள்.

தர மதிப்பீட்டுப் படிவத்தைச் சரிபார்க்கத்தானே, ஓய்வுபெற்ற என்னை இந்தக் கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள்? ‘கழிவறை சுத்தம்’ என்ற வரிக்கு முழு மதிப்பெண் வாங்க, தலைமையாசிரியர் அதை மூன்று மாதமாகப் பூட்டியே வைத்திருந்தார். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவே பயந்தார்கள். போன வாரம் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாவாடையை நனைத்துக்கொண்டு அழுதாள். நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன்.

“நீங்க வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவீங்க டீச்சர். மார்க் போனா பதில் சொல்றது நான்தான்” என்று தலைமையாசிரியர் சீறினார்.

“சோறே போடாத தட்டும் சுத்தமாத்தான் இருக்கும் சார். அதுக்கும் மார்க் உண்டா?” என்று கேட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் என் நாற்காலியைக் காணோம். ஆசிரியர்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஜன்னல் திட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கவலைப்படாதீர்கள், என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

கழிவறை கழுவ இரண்டு பிரஷ் அனுப்புங்கள். நம் பழைய ரேடியோவையும் அனுப்புங்கள். அறையில் ஏதாவது ஒரு குரல் கேட்டால் போதும்.

இடைவேளை மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், சாவி என்னிடம் இருக்கிறது.

உங்கள்
டீச்சரம்மா